மார்க்கர் சரியானால் நோயாளி பிழைத்துக்கொள்வாரா?

முதுகலை மருத்துவ மாணவர்கள் ஆய்வுத் தரவோடு வரும்போது அடிக்கடி கேட்பது இது: "சார், இந்த மார்க்கருக்கும் மரணத்துக்கும் நல்ல கோரிலேஷன் இருக்கு, இதையே எண்ட் பாயிண்ட்டா வெச்சுக்கலாமா?" மார்க்கர் என்றால் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி போன்றவற்றில் அளந்து பார்க்கும் அடையாளம்; எண்ட் பாயிண்ட் என்றால் மருந்து பலித்ததா என்று ஆய்வில் தீர்மானிக்கும் முடிவு. கோரிலேஷனை, அதாவது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதை, மட்டும் நம்பி மரணத்துக்குப் பதிலாக மார்க்கரை வைக்கக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம், ஏற்கெனவே உயிர்கள் போயிருக்கின்றன.

மாரடைப்பிலிருந்து தப்பியவர்களின் ஈசிஜியில் இடையிடையே தப்புத் துடிப்புகள் நிறையத் தெரிந்தால் திடீர் மரண ஆபத்து அதிகம். என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு மாத்திரைகள் அந்தத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. துடிப்பு அடங்கினால் மரணமும் குறையும் என்று நம்பி அமெரிக்காவில் பலருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் அந்த நம்பிக்கையைச் சோதித்த காஸ்ட் (CAST) ஆய்வு வந்தது. மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். சராசரியாக 10 மாதங்களில், இந்த மாத்திரைகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இலேயே இந்த இரு மருந்துகளையும் ஆய்விலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதே 1989இல் புள்ளியியலாளர் ராஸ் பிரெண்டிஸ், மரணத்துக்குப் பதிலாக ஒரு மார்க்கரை வைக்க ஒரு நிபந்தனை சொன்னார்: மருந்தின் பலன் முழுவதும் அந்த மார்க்கர் வழியாகவே போக வேண்டும், அதாவது மரணத்தைக் கணிக்கும் புள்ளியியல் மாடலில் மார்க்கரைச் சேர்த்த பிறகு யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதற்கு வேலையே இருக்கக் கூடாது. கேட்க எளிது, நிரூபிப்பது கடினம். சின்ன ஆய்வில் சிகிச்சையின் பி வேல்யூ 0.05க்கு மேல் வந்துவிட்டால், அதாவது சிகிச்சைக்குத் தனி விளைவு இருப்பதாகத் தெளிவாகத் தெரியாவிட்டால், "பார்த்தீங்களா, நிபந்தனை சரியா இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள், ஆள் போதாததாலும் அப்படி வரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அதனால்தான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மருந்து மார்க்கரை எவ்வளவு மாற்றியது, மரணத்தை எவ்வளவு மாற்றியது என்று ஒவ்வொரு ஆய்வையும் ஒரு புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிகள் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வில் 500 பேர் இருந்தாலும் இங்கே அது ஒரே ஒரு புள்ளிதான்.

சரி, கோடு அழகாக வந்துவிட்டால் போதுமா? அது எந்த வகை மருந்துகளை வைத்துப் போட்ட கோடு என்பதையும் கேட்க வேண்டும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தால் மாரடைப்பு குறையும் என்பது ஸ்டேட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் பலமுறை பார்த்த விஷயம். வேறு வகை மருந்தான டோர்செட்ராபிப் எல்டிஎல்லை 25% குறைத்தது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லை 72% ஏற்றியது, அட்டோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினோடு அதைச் சேர்த்துக் கொடுத்த 15,067 பேர் கொண்ட ஆய்வோ 2006இல் பாதியில் நின்றது: அந்த மருந்து எடுத்தவர்களில் 93 மரணம், எடுக்காதவர்களில் 59. அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றியிருந்தது, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் அது தெரியாது.