ஸ்பானிஷுக்குத் தமிழ் வழியாகப் போங்கள்

மாட்ரிட்டுக்கு மேற்படிப்புக்குப் போன என் மாணவி ஒருவர், மூன்று நாளாக மலச்சிக்கல் தீரவில்லை என்று மருந்துக்கடைக்குப் போனார். தெரிந்த ஆங்கிலச் சொல்லையே ஸ்பானிஷ் மாதிரி ஆக்கி, "எஸ்தோய் கோன்ஸ்திபாதா" என்றார். கிடைத்தது சளி மருந்து. ஸ்பெயினில் அதற்குச் சளி பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். அவர் சொல்லியிருக்க வேண்டியது "எஸ்தோய் எஸ்த்ரெஞிதா". பெட்டியில் இருந்த மூக்குப் படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எனக்கு அனுப்பினார், விழுங்காமல் தப்பித்தார்.

12 வருடமாகத் தமிழர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன. பாடநூலும் செயலியும் ஆங்கிலத்தில் இருப்பதால், முதலில் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு அதை மாற்றிச் சொல்கிறோம். அந்தச் சுற்றுவழியே வேண்டாம்.

"மே குஸ்தா எல் கஃபே" என்பதைப் பாருங்கள். 'மே' என்றால் எனக்கு. எனக்குக் காபி பிடிக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் யோசிப்பவர் "யோ குஸ்தோ" என்று ஆரம்பித்துத் திணறுவார். "மே துவேலே லா கபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். யார் பேசுவது என்று விகுதியே சொல்லிவிடுவதால், "நாளைக்கு வரேன்" என்று நாம் 'நான்' போடாமல் சொல்வதுபோல அவர்களும் 'யோ'வைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தின் 'be'க்கு ஸ்பானிஷில் 'சேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள்; எல்லோரையும் குழப்பும் இவற்றுக்கும் தமிழ் கொஞ்சம் கைகொடுக்கும். "நான் ஆசிரியை" என்பதில் நமக்கு வினையே இல்லை. அங்கே சேர் வரும், "சோய் ப்ரொஃபெசோரா". வீட்டில் இருக்கிறேன், சோர்வாக இருக்கிறேன் என்றால் 'எஸ்தோய்'. இது முதல் மாதத்துக்கான ஊன்றுகோல்தான். "உயரமாக இருக்கிறார்" என்பதற்குச் சேர்தான் வரும்.

உச்சரிப்பில் நம் நாக்கு ஏற்கெனவே பாதித் தயார். 'நீ' என்பதற்கான 'து'வை ஆங்கிலப் பழக்கத்தில் 'டூ' ஆக்காதீர்கள்; நம் த போதும். வருடத்துக்கான 'ஆஞோ'வில் ஞ அழுத்தமாக வர வேண்டும். அது ந ஆகிவிட்டால் ஆசனவாயைக் குறிக்கும் சொல், வயது சொல்லும்போது கவனம். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். இந்த இரட்டை ரகரத்துக்கு நாக்கு நுனி பல முறை அதிர வேண்டும், பயிற்சி எடுக்காமல் வராது.

உண்மையிலேயே கஷ்டம் ஆண்பால், பெண்பால்தான். பொருள்களை எல்லாம் நாம் அஃறிணை என்று வைத்துவிடுகிறோம். அங்கே மேசை பெண்பால், லா மேசா. அலமாரி ஆண்பால், எல் ஆர்மாரியோ. (இரண்டும் போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழுக்கு வந்தவை, அதனால்தான் இத்தனை பழகிய முகம்.) ஓ-வில் முடிந்தால் ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெண்பால் என்ற விதியை நம்பி உட்கார்ந்தால் 'லா மானோ'வும் (கை) 'எல் தியா'வும் (நாள்) கவிழ்த்துவிடும். எந்தச் சொல்லையும் எல், லா இல்லாமல் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்.

மரியாதைக்கு 'உஸ்தெத்', நெருக்கத்துக்கு 'து'. ஆனால் நம் நீங்கள், நீ கணக்கு அப்படியே செல்லாது. கொலம்பியாவின் பொகோதாவில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் புழங்கும். ஸ்பெயினில் கடைக்காரர் முன்பின் தெரியாதவரிடமும் 'து' போட்டுப் பேசுவார், அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

அந்த மாணவி போன வாரம் சந்தைக்குப் போயிருக்கிறார். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது; வந்ததும் "கியென் எஸ் எல் உல்திமோ?", யார் கடைசி, என்று கேட்க வேண்டும். கேட்டார். ஒரு பாட்டி கையைத் தூக்கினார். முறை வந்ததும் காய்கறிக்காரர் "கே தே போங்கோ?" என்றார். உனக்கு என்ன போடட்டும்? நம் ஊர்க் கடையில் கேட்பது போலவே இருந்ததாம். "மெதியோ கிலோ தெ தொமாதெஸ்" என்று சொல்லி, அரைக் கிலோ தக்காளி வாங்கி வந்திருக்கிறார்.