வெயில் காட்டிய ஜம்பர்

யாழ்ப்பாணத்தில் கம்பளி உடுப்புக்கு வேலையே இல்லை. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகிற வயதானவர்களின் கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் செம்மறிகளுக்கே கம்பளி கிடையாது, ஆட்டு முடிதான். இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினால் அடுத்த நாள் சந்தையில் அதுதான் கதை. இப்படிப்பட்ட ஊரிலிருந்து தை மாதத்தில் வான் பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள், குளிருக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

வானில் ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேரின் உடுப்பு மட்டும் இந்தக் கதைக்கு வேண்டும். பெரியப்பா ஒரு காலத்தில் மலைநாட்டில் ரயில்வேயில் இருந்தவர். அங்கே வாங்கிய தடித்த கம்பளி ஜம்பர் ஒன்று அவருடைய தகரப் பெட்டிக்குள் பூச்சி உருண்டைகளோடு இத்தனை வருடமும் கிடந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் அதை எடுத்து முற்றத்துக் கொடியில் போட்டு நாள் முழுக்க வெயில் காட்டினார். பின்னேரம் சூடு ஆறுமுன்பே ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். சின்னம்மாவின் மகன் ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தான்; தம்பி முறை. அவனிடம் சாம்பல் நிறத்தில் ஒரு ஃபிளீஸ் ஜக்கெற், புசுபுசுவென்ற செயற்கைத் துணி. என்னிடம் ஒரு தடித்த பருத்தி ரீசேட், அதற்கு மேல் இன்னொரு தடித்த பருத்தி ரீசேட். இரண்டு போட்டால் இரட்டைச் சூடு என்பது என் கணக்கு.

மலையடிவாரத்து நல்லதண்ணியில் இரவு 11 மணிக்கு இறங்கியதுமே தம்பி ஜக்கெற்றைப் போட்டு கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டான். பெரியப்பா பார்த்துவிட்டார்.

“டேய் தம்பி, உதை இப்பவே போட்டுக்கொண்டு ஏறாதை. வேர்த்துக் கொட்டப்போகுது. கழட்டி பாக்குக்குள்ளை வை. மேலை போய்ப் போடு.”

“குளிருதே பெரியப்பா.”

“நூறு படி ஏறு, பிறகு சொல்லு.”

அவர் சொன்னது சரி. சும்மா இருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, ஒரு பழைய மஞ்சள் பல்பு அளவு. செங்குத்தான படி ஏறும்போது அது 500 வாட்டைத் தாண்டிவிடும். நல்லதண்ணிப் பாதையில் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். வழிநெடுக நாங்கள் ஆளுக்கொரு அடுப்பைச் சுமந்துகொண்டுதான் ஏறினோம். என் இரண்டு ரீசேட்டும் நடுவழிக்கு முன்பே தொப்பலாகிவிட்டன. அப்போது அது தெரியவில்லை. ஏறும் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது.

உச்சி 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்குப்படி, கடல்மட்டத்தில் இரவு 24 பாகை என்றால் அங்கே சுமார் 10 பாகை. அதோடு காற்று. சூரியன் வரும்வரை படிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் மூன்று உடுப்பும் தங்கள் சுயரூபத்தைக் காட்டின.

முதலில் என்னுடையது. எந்த உடுப்பும் தானாகச் சூடு தருவதில்லை, உடம்பின் சூட்டைப் பிடித்துவைக்கிறது என்று சின்ன வகுப்பிலேயே படித்திருப்போம். (இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, பெரியப்பாவின் ஜம்பரிடம் வரும்போது சொல்கிறேன்.) பிடித்துவைக்கும் வேலையைச் செய்வது நூலும் இல்லை, நூலுக்கு இடையில் அகப்பட்டுக்கொண்ட காற்று. தும்பு மெத்தை தரையின் குளிரை மறிப்பதும் இதே வித்தைதான். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் கடக்கும் வேகம் இருபது மடங்குக்கு மேல் கூடிவிடும். பருத்தி இழைக்குத் தண்ணீர் என்றால் உயிர். இழைக்குள்ளும் உறிஞ்சும், இழைகளுக்கு இடையிலும் தேக்கும், கனத்துத் தொய்ந்து தோலோடு ஒட்டும். காற்று இருந்த அறையெல்லாம் தண்ணீர் குடியேறிவிடும்.

அது பாதிக் கதை. மீதி, ஆவியாதல். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். என் ரீசேட்டுகளில் குறைந்தது 100 கிராம் வியர்வையாவது இருந்திருக்கும். அதை உலர்த்த 240 கிலோயூல். சும்மா குந்தியிருக்கும் உடம்பு முழுதாக 40 நிமிடம் வெளியிடும் வெப்பம் அது. கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரச் சாரத்தோடு வாடைக்காற்றில் நின்று பாருங்கள், புரியும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அன்றைக்கு அந்த உச்சியில் நான் ஒரு மண்பானை.

பெரியப்பா உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை மறைவில் நின்று நனைந்த சேட்டைக் கழற்றி, காய்ந்த பெனியன் ஒன்றைப் போட்டு, பொலித்தீன் பையை அவிழ்த்து ஜம்பரை மாட்டினார். “சுடச்சுட இருக்கு” என்றார். கிழவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். ஊருக்கு வந்து கம்பளியைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று பட்டது.

கம்பளி இழை எங்கள் தலைமயிரைப் போலவே கெரட்டின் என்ற புரதம். ஆனால் மயிரைப் போல நேராகக் கிடக்காது, நெளியும். 1953இல் ஹோரியோ, கொண்டோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் காட்டினார்கள். இழையின் ஒரு பாதி ஒருவகைக் கலம், மறுபாதி இன்னொரு வகை. இரண்டும் ஈரத்துக்கு ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. மின்னழுத்திக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் வளைவது போல இழை வளைந்து வளைந்து போகிறது. நெளிந்த இழைகள் ஒன்றோடொன்று படுத்து ஒட்டாது. நடுவில் காற்றுக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும்.

இழையின் வெளிப்பக்கம் மீன் செதில் போன்ற அடுக்கு. அதன் மேல் மெல்லிய கொழுப்புப் படலம். அதனால் தண்ணீர்த் துளி விழுந்தால் சேம்பிலையில் விழுந்தது போல உருண்டு நிற்கும். நீராவி மட்டும் அந்தச் செதில்களுக்கு இடையால் உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் மூலக்கூறுகளைக் கெரட்டின் பிடித்து வைத்துக்கொள்கிறது. கம்பளி தன் உலர் எடையில் 30 வீதத்துக்கு மேல் இப்படி ஈரத்தை ஏற்கும், தொட்டால் ஈரம் என்று தெரியாமலேயே. வெளியே துளி உருள, உள்ளே ஆவி குடியிருக்கும் இந்த இரட்டைக் குணம் செயற்கை இழைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இனி அந்த விலக்கு. ஆவியாகப் போன நீர் மறுபடி பிடிபடும்போது, போகும்போது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கெரட்டினில் பிடிபடும்போது அதற்கும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. 400 கிராம் ஜம்பர் ஒன்று காய்ந்த இடத்திலிருந்து மூடுபனிக்குள் போய் 50 கிராம் நீராவியை ஏற்றால் 120 கிலோயூலுக்குக் குறையாத வெப்பம் வெளிவரும். ஒரு மணித்தியாலத்துக்குப் பரப்பிப் பார்த்தால் 33 வாட். எல்லாம் உடம்புப் பக்கம் வராது, பாதி வெளியே போகும். ஆனாலும் நடுங்குகிற ஒருவனுக்கு அது சின்ன விசயம் இல்லை.

இங்கேதான் கொடியில் காய்ந்த அந்த ஒரு நாள் முக்கியமாகிறது. கம்பளியின் இந்தச் சூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர். அங்கே ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும், கம்பளியும் வறண்டிருக்கும். வெளியே ஈரக் குளிருக்குள் போனதும் அது ஆவியை இழுத்துச் சூடாகிறது. யாழ்ப்பாணத்தில் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதம்) பெரும்பாலும் எழுபது வீதத்துக்கு மேல். எங்கள் பெட்டிக்குள் கிடக்கும் கம்பளி ஏற்கெனவே பாதி வயிறு நிறைந்தது. மலைக்கு அப்படியே கொண்டுபோனால் அது குடிக்கக்கூடிய ஆவி குறைவு, தரக்கூடிய சூடும் குறைவு. தை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்தால் துணி வெப்பமேறி, குடித்த ஈரத்தில் ஒரு நல்ல பங்கைக் கக்கிவிடும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வழியில் திரும்பக் குடிக்கவும் வழியில்லை. கைபேசிக்கு சார்ஜ் ஏற்றுவது போல யாழ்ப்பாண வெயிலை ஜம்பருக்குள் ஏற்றி, மலையுச்சியில் அவிழ்த்திருக்கிறார் மனுசன். கேட்டால், “பூச்சி வாசம் போகட்டும் எண்டு காயவிட்டனான்” என்கிறார்.

இது ஒருமுறைச் சூடு என்பதையும் சொல்ல வேண்டும். கம்பளி நிறைந்தபின் நின்றுவிடும். மறுபடி உலரும்போது கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். ‘நனைந்தாலும் கம்பளி சூடாக இருக்கும்’ என்று சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். வியர்வை ஆவிக்கும் பனிக்கும் அது உண்மை. அடைமழையில் தோய்ந்த ஜம்பர் ஈரச் சாக்கு மாதிரித்தான். கனக்கும், காய ஒரு நாள் எடுக்கும்.

அந்த இடத்தில் தம்பியின் ஃபிளீஸ் ஜெயிக்கும். அது பொலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை. சோடாப் போத்தலும் அதே பொருள்தான். ஈரமான காற்றில் கம்பளி தன் எடையில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் ஏற்கிற இடத்தில் பொலியெஸ்டர் அரை வீதம்கூட ஏற்காது. ஆகவே ஃபிளீஸ் நனைந்தால் தண்ணீர் இழைகளுக்கு இடையில் மட்டும் நிற்கும். பிழிந்து உதறினால் பெரும்பகுதி போய்விடும். இழை ஊறித் தளர்வதும் இல்லை. துணியாகப் பின்னியபின் கம்பித் தூரிகைகளால் சுரண்டி, இழைகளை மேலே கிளப்பிச் சமமாக வெட்டுவதால் செம்மறித் தோல் போன்ற அந்தப் புசுபுசுப்பு வருகிறது. இதை 1979இல் செய்து காட்டியது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து மோல்டன் மில்ஸ் ஆலை. முதலாளி ஆரன் ஃபொயர்ஸ்டீன் காப்புரிமை எடுக்கவில்லை. நுவரெலியாச் சந்தையில் ஃபிளீஸ் ஜக்கெற் மலையாகக் குவிந்து மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி பெரியப்பா சொன்னபடி ஜக்கெற்றைப் பையில் வைத்து, மெல்லிய பொலியெஸ்டர் விளையாட்டுச் சேட்டோடு ஏறியிருந்தான். உச்சியில் அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. மேலே ஃபிளீஸ். சுகமாக இருந்தான், காற்று திரும்பும்வரை. ஃபிளீஸின் இழைகளுக்கு நடுவால் காற்று சல்லடைக்குள் போவது போலப் போகும். பிடித்துவைத்த சூடான காற்றை ஒரு வீச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். நெருக்கிப் பின்னிய ஜம்பர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் கொஞ்சம்தான். கடைசியில் மழைக்கோட்டை எடுத்து ஃபிளீஸுக்கு மேல் போட்டபின்தான் பெடியன் அடங்கினான். அந்த ஐந்நூறு ரூபாய் மழைக்கோட்டின் பங்கை ஜக்கெற் விளம்பரங்கள் சொல்வதில்லை.

சில்லறைச் சண்டைகளும் உண்டு. ஒருவர் கொளுத்திய கற்பூரத்திலிருந்து பொறி பறந்து தம்பியின் கைமீது விழுந்தது. ஃபிளீஸில் மிளகளவு ஓட்டை. பொலியெஸ்டர் 260 பாகை அளவில் உருகும், உருகினால் தோலிலும் ஒட்டும். கம்பளி உருகாது, கருகி அணைந்துவிடும். குளிர்காய நெருப்பு மூட்டுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. வியர்வை நாற்றத்திலும் கம்பளிதான் மேல். பொலியெஸ்டர் வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொண்டு விடாது. திரும்பும் வழியில் வானின் கண்ணாடிகளைத் திறந்துவிட்டது தம்பியின் சேட்டுக்காகத்தான்.

கம்பளிக்கு எதிரான பெரிய வழக்கு அரிப்பு. பெரியப்பா ஜம்பருக்குள் பெனியன் போட்டது அதற்காகத்தான். அரிப்புக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணம் இல்லை. சுமார் 30 மைக்கிரோமீற்றருக்கு மேல் தடித்த இழையின் நுனி தோலில் பட்டால் வளையாமல் குத்தும். அந்தக் குத்தை வலி நரம்பு உணரும். மெரினோ செம்மறியின் இழை இருபதைச் சுற்றியே இருப்பதால் நுனி வளைந்துவிடும், குத்தாது. ஆனால் மெரினோ பெனியன் ஒன்றின் விலைக்கு நுவரெலியாவில் பல ஃபிளீஸ் வாங்கலாம்.

என்னைக் கேட்டால், வருடத்தில் ஒருமுறை மலையேறுகிற யாழ்ப்பாணத்தானுக்கு உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் சேட், பையில் ஃபிளீஸோ ஜம்பரோ, அதற்கு மேல் போடக் காற்றுப் புகாத ஒன்று, இவ்வளவும் போதும். பருத்தி ரீசேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கையில் பழைய ஜம்பர் இருந்தால் நான் ஜம்பர்ப் பக்கம்தான். காரணம் மலையில் இல்லை, கிணற்றடியில்.

ஊருக்கு வந்த அன்று சின்னம்மா அந்த ஃபிளீஸைத் தோய்த்து அலம்பினாள். தண்ணீர் வழக்கம்போல வாழையடிக்குப் போனது. 2016இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 6 கிலோ துணியை இயந்திரத்தில் துவைத்து, கழுவிய நீரில் இழைத் துணுக்குகள் எத்தனை என்று பார்த்தார்கள். பொலியெஸ்டருக்கு அண்ணளவாக ஐந்து இலட்சம் வந்தது. சுரண்டிக் கிளப்பிய இழையால் ஆன துணியிலிருந்து துணுக்கு உதிர்வதில் வியப்பில்லை. வேறு ஊர்களில் அந்தத் தண்ணீர் ஆற்றோடு போய்விடும். எங்களுக்கு ஆறு என்று சொல்லக்கூடியது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான். காலடியில் இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். வாழையடியில் விடுகிற தண்ணீர் இறங்குகிற அதே நிலத்திலிருந்துதான் குடிக்கவும் அள்ளுகிறோம். கம்பளித் துணுக்கு மண்ணில் மக்கிவிடும். பொலியெஸ்டர் அப்படியே கிடக்கும். ஃபிளீஸை அடிக்கடி தோய்க்கத் தேவையில்லை, உதறிக் காயவிட்டாலே போதும் என்று சின்னம்மாவிடம் சொன்னேன். “அந்த நாத்தத்தோடையோ?” என்றாள்.

பெரியப்பா ஜம்பரைத் தோய்க்கவில்லை. மறுபடி ஒரு நாள் வெயில் காட்டி, மடித்து, புதிதாக நாலு பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியை மூடினார். முழங்கையில் ஒரு ஓட்டை இருந்தது. அது கற்பூரப் பொறி இல்லை, அந்துப்பூச்சியின் புழு தின்றது; கெரட்டினைச் செரிக்கத் தெரிந்த சில உயிர்களில் அதுவும் ஒன்று. அதே நிற நூல் கிடைக்குமா என்று ரொறொன்ரோவுக்குத் திரும்பும் தம்பியிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.