ஷேல் ஆயில் என்பது ‘பாறை எண்ணெய்’ அல்ல

கச்சா எண்ணெய் விலை எப்போது இறங்கினாலும் தமிழ்ச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: “விலைச் சரிவால் அமெரிக்கப் பாறை எண்ணெய் நிறுவனங்கள் பாதிப்பு.” டிவியில் கீழே ஓடும் வரி, வணிகப் பக்கம், யூடியூப் பங்குச்சந்தை அலசல் என்று எங்கு பார்த்தாலும் இதே பாறை எண்ணெய்தான். ஷேல் என்ற ஒருவகைப் பாறைக்குள் சிக்கிக்கிடக்கும் எண்ணெய்தான் ஷேல் ஆயில். அதற்கு யாரோ அவசரத்தில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. நடை சரியில்லை, ஓசை நன்றாக இல்லை என்பதல்ல என் புகார். பொருளே தவறு.

பெட்ரோலியம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெட்ரா என்றால் பாறை, ஓலியம் என்றால் எண்ணெய். இதைத்தான் நம் முன்னோடிகள் கல்லெண்ணெய் என்று ஆக்கினார்கள். ஆக, பாறை எண்ணெய் என்று எழுதினால் அது மொத்தப் பெட்ரோலியத்தையும் குறிக்கிறது. சவூதியில் எடுப்பதும் பாறையிலிருந்துதான், மும்பைக் கடலில் எடுப்பதும் நம்ம நரிமணத்தில் எடுப்பதும் பாறையிலிருந்துதான். அப்படியிருக்க, எண்ணெய் விலை விழுந்தால் பாறை எண்ணெய்க்காரருக்கு மட்டும் ஏன் முதலில் அடி விழுகிறது என்று வாசிப்பவருக்கு எப்படிப் புரியும்?

ஷேல் என்ற சொல்லின் கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் ஓடு, உமி, தோடு என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. ஷெல் என்பதும் அதே வேர். அசையாத நீரின் அடியில் படிந்த நுண்ணிய களிமண்ணும் வண்டலும் பல கோடி ஆண்டுகள் அழுந்தி இறுகிய பாறை அது, ஏடு ஏடாகப் பிளந்து வரும். இன்னும் அழுத்தமும் சூடும் பட்டால் சிலேட்டுக் கல் ஆகும். அவ்வளவுதான்.

இந்தப் பாறைக்குச் சரியான தமிழ் களிப்பாறை. அப்புறம் ஷேல் ஆயில் களிப்பாறை எண்ணெய், ஷேல் கேஸ் களிப்பாறை எரிவாயு. இதற்காக நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் ‘களி’ என்ற இரண்டெழுத்து. மொத்தப் பொருளாதாரமும் அதற்குள்தான் இருக்கிறது.

சென்னையில் வீட்டுக்கு போர்வெல் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடலோர மணலில் தண்ணீர் தானாக ஊறி வரும். களி தட்டிவிட்டால் ரிக் வண்டிக்காரர் முகமே மாறிவிடும். களியில் ஈரம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் அது விடாது. களிப்பாறையும் எண்ணெயை அப்படித்தான் பிடித்துவைத்திருக்கிறது. மணற்பாறையில் துளை போட்டால் எண்ணெய் தன் அழுத்தத்தில் நகர்ந்து வரும். களிப்பாறையில் நேராக இறங்கி, பிறகு படுக்கைவாட்டில் திரும்பி நீளமாகத் துளைத்து, தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் ரசாயனத்தையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விடச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தும் கிணறு நீடிக்காது. முதல் ஆண்டிலேயே ஊற்று பாதிக்கு மேல் குறைந்துவிடுவது சாதாரணம். உற்பத்தி குறையாமல் இருக்க வேண்டுமானால் புதுக்கிணறு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது விலைச் சரிவுக்கு வருவோம். உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோலாகக் கொள்ளும் பிரென்ட் எண்ணெய் 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல். அந்த நவம்பரில் வியன்னாவில் கூடிய ஒபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தன. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்குக் கீழே, 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே. அமெரிக்காவில் எண்ணெய்க்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த ரிக்குகள் 2014 அக்டோபரில் 1,609 இருந்தன, 2016 மேயில் 316. தோண்டிய கிணறுகளையே விரிசல் வேலை செய்யாமல் அப்படியே மூடிவைத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்க உற்பத்தி ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ 10 லட்சம் பீப்பாய் குறைந்தது. பல பத்தாண்டுகளாகச் சுரந்துகொண்டிருக்கும் சவூதி வயலில் விலை விழுந்தால் லாபம் குறையும், எண்ணெய் நிற்காது. களிப்பாறையில் துளையிடுவது நின்றால் சில மாதங்களில் எண்ணெயே குறைய ஆரம்பிக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் ‘பாறை’ என்ற பொத்தாம்பொதுச் சொல் விழுங்கிவிடுகிறது.

களிப்பாறைக்கு எதிராக நான் கேட்ட வாதங்களையும் பார்த்துவிடலாம். ‘களி என்றால் திருவாதிரைக்குச் செய்வது, படிக்கிறவர் குழம்புவார்’ என்கிறார்கள். களிமண் என்று எழுதினால் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் ‘செதில்பாறை’ என்றார். ஆங்கில வேரிலேயே செதில், ஓடு என்ற பொருள் இருக்கிறதாம். அதுதான் எனக்கு ஆகாது. ஆங்கிலேயன் அந்தக் கல்லைப் பார்த்து அது உரிவதைக் கவனித்தான், பெயர் வைத்தான். நாமும் அவன் கண்ணாலேயே ஏன் பார்க்க வேண்டும்? எண்ணெய் சிக்கிக்கொண்டிருப்பது பாறை உரிவதால் அல்ல, களியாக இருப்பதால். எனக்குத் தேவை அந்தக் களிதான். ‘மாக்கல்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். மாக்கல் என்பது கல்சட்டி செய்கிற கல், கோலமாவுக்குப் பொடிக்கிற கல். அது களிப்பாறையே அல்ல, வேறு வகைக் கல். மாக்கல் எண்ணெய் என்று படித்தால் பாட்டி வீட்டுச் சமையலறைதான் நினைவுக்கு வரும்.

சரி, ஷேல் என்றே எழுதிவிடலாமே என்றால், எழுதலாம். தவறான தமிழைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நான் எல்லாவற்றையும் தனித்தமிழில் மாற்றியே தீர வேண்டும் என்பவன் அல்ல. கச்சா என்பது இந்தியிலிருந்து வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், சுத்திகரிப்பு ஆலை இருக்கிற சென்னை மணலிப் பக்கம் போகிற எல்லோருக்கும் அது தெரிந்த சொல். இலங்கையில் அதையே மசகு எண்ணெய் என்கிறார்கள். நமக்கு மசகு என்றால் இயந்திரத்துக்கு இடும் எண்ணெய். அங்கே நிலைத்த சொல் அங்கே சரி. ஆனால் ஷேல் என்பதை எழுதுவதிலும் ஒழுங்கு இல்லை. பாதிப் பேர் ‘ஷெல் எண்ணெய்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஷெல் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். ஒரே கட்டுரையில் ஷெல் நிறுவனமும் ஷெல் எண்ணெயும் வந்தால் வாசகர் கதி என்ன?

இதைவிட மோசம், ஷேல் ஆயிலையும் ஆயில் ஷேலையும் ஒன்றாக்குவது. முன்னது பாறைக்குள் ஏற்கெனவே திரவமாக இருக்கும் எண்ணெய். பின்னது இன்னும் எண்ணெயாகப் பழுக்காத கரிமப்பொருள் கலந்த பாறை. வெட்டியெடுத்துச் சூடாக்கினால்தான் எண்ணெய் வடியும். எஸ்டோனியாவில் அதை எரித்தே மின்சாரம் எடுத்தார்கள். இதற்கு எண்ணெய்க் களிப்பாறை, அதற்குக் களிப்பாறை எண்ணெய். தமிழில் சொற்களை முன்பின் மாற்றினால் போதும், இவ்வளவு எளிதாக ஒரு வேறுபாட்டைக் காட்ட முடிகிறபோது இரண்டையும் பாறை எண்ணெய் என்று போடுவது சோம்பல்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் படித்துப் பார்க்காமல் எழுதுவது போக்குவரத்துச் செய்திகளில் இன்னும் பளிச்சென்று தெரியும். “டேங்கர்களில் எண்ணெய் சேமிப்பு” என்று தலைப்பு போட்டால் சென்னைக்காரர் கண்ணுக்கு என்ன தெரியும்? தெருமுனையில் ஹாரன் அடிக்கும் தண்ணீர் லாரி. விலை விழுந்த காலங்களில் எண்ணெயைத் தேக்கிவைத்தது கடலில் நின்ற பெரும் கப்பல்களில். எண்ணெய்க் கப்பல் என்று எழுத என்ன தடை? பீப்பாய் என்பதும் வெறும் கணக்குதான், சுமார் 159 லிட்டர். யாரும் பீப்பாயில் ஊற்றி உருட்டிக்கொண்டு போவதில்லை. இங்கே துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாயில் போகிறது. களிப்பாறை எண்ணெய் எடுக்கும் அமெரிக்க மாநிலமான வடக்கு டகோட்டாவில் போதுமான குழாய் இல்லாததால் ரயிலில் போனது. அந்த எண்ணெய் ஏற்றிய ரயில்தான் 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் தடம்புரண்டு எரிந்து 47 பேர் இறந்தார்கள். ரயில் கூலி குழாயைவிட அதிகம். உள்ளூர் எண்ணெய்க்கும் வெளிநாட்டு எண்ணெய்க்கும் விலை இடைவெளி பெரிதாக இருந்தவரை அந்தக் கூலி கட்டுபடியானது. விலை சரிந்து இடைவெளி சுருங்கியதும் கடலோர ஆலைகளுக்குக் கப்பலில் வாங்குவதே லாபமாகி, ரயில் வண்டிகள் காலியாக நின்றன.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் அமெரிக்கச் செய்தியும் அல்ல. காவிரிப் படுகையைப் பாதுகாக்க 2020இல் சட்டசபை நிறைவேற்றிய சட்டம் தடைசெய்யும் பட்டியலில் ஷேல் கேஸ் என்கிற இந்த எரிவாயுவும் பெயர் சொல்லி இருக்கிறது. டெல்டாவில் பேச்சுவழக்கில் எல்லாமே மீத்தேன்தான், அது மக்கள் வாய்ச்சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் பாறை எரிவாயு என்று எழுதினால், எந்தப் பாறை என்று கேட்கிற விவசாயிக்குப் பதில் இல்லை. களிப்பாறை எரிவாயு என்று எழுதுங்கள்.