கடலில் கோடு போடும் முன் விலையைக் கேளுங்கள்

காட்டையோ கடலையோ காப்பாற்ற வேண்டுமென்றால் உயிரினங்கள் அதிகம் இருக்கிற இடமாகப் பார்த்து வேலி போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அங்கே பணப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் விலையைக் கணக்கில் சேர்த்தால்தான் அதே பணத்தில் கூடுதல் உயிர்களைக் காப்பாற்ற முடியும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ‘அ’ என்ற இடத்தில் நான்கு வகை மீன்கள், பாதுகாக்க 10 கோடி ஆகும். ‘ஆ’வில் அந்த நான்கில் இரண்டு, செலவு 2 கோடி. ‘இ’யில் மீதி இரண்டு, 3 கோடி. வளத்தை மட்டும் பார்த்தால் ‘அ’தான் முதலிடம், ஆனால் ‘ஆ’வும் ‘இ’யும் சேர்ந்தால் 5 கோடியில் நான்கும் கிடைத்துவிடுகின்றன. அப்புறம், ‘ஈ’ என்று இன்னோர் இடம் 1 கோடிக்கே கிடைத்தாலும் அங்கே இருப்பது ‘இ’யில் உள்ள ஒரே ஒரு வகைதான் என்றால் அது நமக்குத் தேவையே இல்லை. ஓர் இடத்தின் மதிப்பு, ஏற்கெனவே நம் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்கு இடங்களுக்குக் கையால் கணக்குப் போடலாம். கடலின் வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அவை 100 ஆனாலே, எதை எடுப்பது எதை விடுவது என்கிற சேர்க்கைகள் ஒன்றுக்குப் பின்னால் 30 சைபர் போட்ட எண்ணைத் தாண்டிவிடும். இதற்காக ஆஸ்திரேலியாவில் இயன் பால், ஹியூ பாசிங்ஹாம் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய மென்பொருள்தான் மார்க்ஸான். ஒவ்வொரு வாழிடத்திலும் இத்தனை சதவீதம் வேண்டும் என்று இலக்கைச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலையைக் கொடுத்துவிட்டால், இலக்கை எட்டுகிற மலிவான சேர்க்கைகளை அது தேடும். காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவது போன்ற ஒரு முறை: ஆரம்பத்தில் செலவு கூடும் மாற்றங்களைக்கூட அவ்வப்போது ஏற்றுக்கொள்ளும், போகப் போகக் கறாராகிவிடும். எடுத்த எடுப்பில் கண்ணில் பட்ட சுமாரான விடையிலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. துண்டு துண்டாகச் சிதறிய பகுதிகளைக் காவல் காப்பது கஷ்டம் என்பதால் எல்லைக்கோடு நீண்டால் அதற்கும் கணக்கில் தனி அபராதம் உண்டு.

இந்த மென்பொருள் பயன்பட்ட இடங்களில் பெரும்புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப். அந்தக் கடல் பூங்காவின் பரப்பு சுமார் 3,44,400 சதுர கிலோமீட்டர். அதை, உயிரினங்களும் சூழலும் ஓரளவு ஒன்றுபோல் இருக்கிற 70 உயிர்ப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மீன்பிடிக்கு மூடப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2004 ஜூலையில் புதிய வரைபடம் அமலுக்கு வந்தபோது, முன்பு 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தடைப் பகுதி சுமார் 33 சதவீதமாகியிருந்தது. கணினி சொன்னதை அப்படியே வரைந்துவிடவில்லை, பொதுமக்களிடமிருந்து வந்த ஆயிரக்கணக்கான கருத்துகளை வைத்துக் கோடுகளை நகர்த்தியிருக்கிறார்கள்.

சரி, கடலில் விலை என்றால் என்ன? அங்கே யாரும் பட்டா போட்டு விற்பதில்லை. மீனவர் இழக்கிற வருமானம், ரோந்துப் படகு, அதில் போகிறவர்களின் சம்பளம், இதெல்லாம்தான் விலை. இதில் முதலாவதை மதிப்பிடுவதுதான் கஷ்டம். ஒரு பாறையை மூடினால் அங்கே பிடித்தவர்கள் அடுத்த பாறைக்குப் போய் நெருக்குவார்கள், கரையில் மீன் பதப்படுத்துகிறவருக்கும் படகு பழுதுபார்க்கிறவருக்கும் வேலை குறையும். ஆஸ்திரேலிய அரசு மீன்பிடி உரிமங்களைத் திரும்ப வாங்கியது, கரைத் தொழில்களுக்கும் உதவித்தொகை தந்தது. அந்த நிவாரணச் செலவு ஆரம்ப மதிப்பீட்டைவிடப் பல மடங்காகி 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது. திட்டமிடும்போது கணக்கில் வராத செலவு, பின்னால் பில்லாக வந்தது.

விலையை மட்டுமே பிடித்துத் தொங்கினால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மலிவான இடம் என்பது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத இடம்: செங்குத்தான மலை, பனி மூடிய உச்சி, படகு போகாத தூரக் கடல். உலகின் பல பாதுகாப்புப் பகுதிகள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. அங்கே அழிவு வரும் வாய்ப்பே குறைவு என்பதால் வேலி போட்டுப் பெரிதாக எதையும் காப்பாற்றிவிடவில்லை. அதனால்தான் இலக்கை மொத்தப் பரப்புக்கு என்று வைக்காமல் ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கிறது, அப்போது மலிவான மலையை எவ்வளவு வாங்கிக் குவித்தாலும் சமவெளியின் பங்கு நிரம்பாது.