டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்: ‘இரட்டைச் செயல்’ வேண்டாம், ‘விசையேற்று’ போதும்

போன வாரம் ஒரு ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் ‘இரட்டைக் குழல் ரிவால்வர்’ என்று வந்தது. படத்தில் இருந்ததோ ஒரே குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸன் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர். இதே பிழையை நான் கேட்பது மூன்றாவது முறை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரிவால்வர் என்ற சொல்லுக்கு லத்தீனில் திரும்ப உருளுதல் என்ற பொருளுள்ள வினை வேர். தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழல்வதால் அந்தப் பெயர். சுழல்துப்பாக்கி என்பது நல்ல தமிழாக்கம்தான். துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல் என்பதால், தூய்மை பார்த்து இதை மறுக்க எனக்கு மனமில்லை. சிக்கல் ‘டபுள் ஆக்‌ஷன்’ என்பதில்தான்.

துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் உறுப்புக்குத் தமிழில் குதிரை என்று பெயர் உண்டு, பழைய அகராதிகளிலும் இருக்கிறது. 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வரில் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும், அப்புறம் விசையை, அதாவது விரலால் இழுக்கும் ட்ரிகரை, இழுத்தால் அது விடுபட்டு அடிக்கும். விசைக்கு ஒரே வேலை. டபுள் ஆக்‌ஷனில் விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் குதிரை தானே ஏறி, உருளையும் ஒரு அறை சுழன்று, கடைசியில் குதிரை விழும். ஏற்றுவது, விடுவிப்பது என்று விசைக்கு இரண்டு வேலை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1851இல் ராபர்ட் ஆடம்ஸ் விசையாலேயே குதிரை ஏறும் ரிவால்வரைக் கொண்டுவந்தார், 1856இல் பியூமான்ட் அதையே கையாலும் ஏற்றும்படி திருத்தினார்.

இதை ‘இரட்டைச் செயல்’ என்று எழுதுகிறவர்கள் அகராதியைத் திறந்தார்களே தவிர, துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. தமிழில் துப்பாக்கியோடு ‘இரட்டை’ சேர்ந்தாலே எல்லாருக்கும் நினைவு வருவது இரட்டைக் குழல் துப்பாக்கிதான், அதனால் படிப்பவர் இரண்டு குழல் என்றோ இரண்டு குண்டு என்றோ எடுத்துக்கொள்கிறார், அந்த ஆவணப்படக்காரரும் அப்படித்தான் வழுக்கியிருப்பார். ‘செயல்’ அதைவிட மோசம். துப்பாக்கிக்காரர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது உள்ளே இருக்கும் இயக்க அமைப்பை. செயல் என்றால் யார் செய்வது, எதைச் செய்வது? ஒன்றும் புரியாது.

நான் சொல்வது விசையேற்று. விசையால் குதிரை ஏறுவது விசையேற்று ரிவால்வர், கையால் மட்டும் ஏற்றுவது கையேற்று ரிவால்வர். எண்ணிக்கையே வேண்டாம், யார் ஏற்றுகிறார்கள் என்று சொன்னால் சரி.

பிராண்டுகளை ஒப்பிடும்போது இதன் பயன் இன்னும் தெரியும். கோல்ட் பைத்தனா, ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10ஆ என்று நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இந்த இழுப்பைப் பற்றியதுதான். இரண்டுமே விசையேற்று ரிவால்வர்கள்தான், ஆனால் கையாலும் ஏற்றலாம். கையால் ஏற்றிவிட்டுச் சுட்டால் விசைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இழுப்பு போதும். விசையேற்றாகச் சுட்டால் நாலரை, ஐந்து கிலோ வரை போகும். 1955இல் வந்த பழைய பைத்தனின் விசையேற்று இழுப்பு தொடக்கத்தில் வழுவழுப்பாக இருந்து முடிவில் கனக்கும். ஸ்மித் அண்ட் வெஸனில் அது ஏறக்குறைய ஒரே சீராக வரும், எனக்கு அதுதான் பிடிக்கும், பைத்தனின் அழகை ஒப்புக்கொண்டாலும். ரூகர் ஜிபி100 என்ற ரிவால்வர் முரட்டு உறுதிக்குப் பேர்போனது, இழுப்பின் நயத்தில் இந்த இரண்டுக்கும் பின்னால்தான். இதையே ‘பைத்தனின் இரட்டைச் செயல் முடிவில் கனக்கும்’ என்று எழுதிப் பாருங்கள், எது கனக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

பிஸ்டல், ரிவால்வர் இரண்டையும் கைத்துப்பாக்கி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் செய்திகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. உருளை இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம், அதற்குக்கூடச் சொல் தேட மாட்டோம் என்றால் எப்படி?

‘இரட்டைச் செயல்’ முழுதாக உடைந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்ட் எண் 2 ரிவால்வரில் 1938இல் குதிரையின் கட்டைவிரல் பிடியையே வெட்டிவிட்டார்கள், டாங்கிக்குள் அது எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று. இனிக் கையால் ஏற்ற வழியில்லை, ஒரே வழிதான். ஆங்கிலத்தில் இதற்கு டபுள் ஆக்‌ஷன் ஒன்லி என்று பெயர். ‘இரட்டைச் செயல் மட்டும்’ என்று எழுதினால் இரண்டு வழியிலும் சுடலாம் என்றுதான் படும், உண்மைக்கு நேர் எதிர். ‘விசையேற்று மட்டும்’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது.