இலையைக் கொதிக்க வைத்தால் சிலிமரின் வராது

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. நான்கு மாதங்களாக மாத்திரை வாங்க வராமலிருந்த ஒருவர் சென்ற வாரம் எங்கள் மருந்தகத்துக்கு வந்து, மருந்துச் சீட்டை எடுப்பதற்குப் பதிலாகக் காய்ந்த இலைகள் நிறைந்த பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றுக்காகத் தினமும் டெனோஃபோவிர் மாத்திரை உட்கொண்டு வந்தவர் அவர். விதை வாங்கி, கல்லீரலுக்கு நல்லது எனப்படும் சிலிமரின் என்ற பொருளுக்குப் பேர்போன மில்க் திசில் செடியைத் தாமே வளர்த்து, காலைதோறும் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து, கல்லீரலுக்கு இயற்கை மருந்தே கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இதை அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கவனித்தது அவருடைய கண்களில் படர்ந்திருந்த மஞ்சளை. இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் அழற்சி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்று ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் சொல்லித்தான் அனுப்புகிறோம். அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். பொட்டலம் என் மேசையிலேயே தங்கிவிட்டது.

முதலில் செடியைப் பற்றி. சிலிபம் மரியானம் என்பது இதன் தாவரவியல் பெயர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடல் பகுதி இதன் தாயகம். இலையில் பால் சிந்தியதுபோல் ஓடும் வெள்ளை வரிகளால்தான் பெயரில் 'பால்' வந்தது. தமிழில் இதை 'நெருஞ்சில்' என்று மொழிபெயர்த்துவிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். நெருஞ்சில் வேறு குடும்பத்துச் செடி, அதில் இருக்கும் பொருட்களும் வேறு. இதைவிட ஆபத்தான குழப்பம் பிரமதண்டோடு ஏற்படுவது. அதற்கும் முள் இலை, அதற்கும் வெளிறிய நரம்புகள். ஆனால் பிரமதண்டின் பூ மஞ்சள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். கடுகைப் போன்ற அதன் விதையில் உள்ள சாங்குவினரின் என்னும் நச்சு கால் வீக்கத்தில் தொடங்கி இதயச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். மில்க் திசிலின் பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா. பூக்கும் முன்பே இலையைப் பறித்துக் குடிக்கத் தொடங்குபவருக்கு இந்த அடையாளம் பயன்படாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் நம்பிக்கைக்கு வருகிறேன். செடியில் மருந்து இருக்கிறது, ஆகவே செடியின் எந்தப் பாகத்தை எப்படி உட்கொண்டாலும் மருந்து உள்ளே போகும் என்று மக்கள் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் செடி, மூலப்பொருள், சாரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. மில்க் திசிலின் பேரைச் சொல்ல வைத்த சிலிமரின் ஒற்றைப் பொருளன்று; 1960களில் ஜெர்மனியின் மியூனிக்கில் பிரித்தறியப்பட்ட ஒரு கலவை. சிலிபின் ஏ, சிலிபின் பி, ஐசோசிலிபின்கள், சிலிகிறிஸ்டின், சிலிடியானின் ஆகிய ஃபிளேவனோலிக்னன் வகைத் தாவர வேதிப்பொருட்களும், அவற்றோடு டாக்ஸிஃபோலினும் அதில் அடங்கும். இவற்றுள் பெரும்பங்கு வகிப்பது பொதுவாகச் சிலிபின். சில வகைச் செடிகளில் மட்டும் சிலிடியானின் முந்திக்கொள்ளும்.

இந்தக் கலவை இருப்பது கனியில், அதிலும் குறிப்பாகக் கனியின் தோலில். விதை என்று நாம் சொல்லும் அந்தப் பழுப்பு மணி உண்மையில் ஓர் உலர்கனி. அதன் உறைக்குள்தான் சிலிமரின் சேர்கிறது. இலையில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. ஆகவே மூன்று வேளையும் இலைக் கஷாயம் குடித்தாலும் சிலிமரின் கணக்கில் அது வெறும் வெந்நீர்தான். 'சரி, அப்படியானால் விதையைக் கொதிக்க வைக்கிறேன்' என்பது அடுத்த பதிலாக வரும். சிலிமரின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் தொழிற்சாலையில் முதலில் விதையை அழுத்தி எண்ணெயை நீக்கிவிட்டு, எஞ்சிய பிண்ணாக்கிலிருந்து எத்தனால், அசிட்டோன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களைக் கொண்டு அதைப் பிரிக்கிறார்கள். 'சரி, எண்ணெயைக் குடிக்கிறேன்' என்பது மூன்றாவது பதில். விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய்தான்; அது பெரும்பாலும் லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். சிலிமரினோ பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மருந்துத் தரத்துக்கு விதையில் குறைந்தது 1.5% சிலிமரின் இருக்க வேண்டும் என்பது மருந்துத் தர நூலான ஐரோப்பிய பார்மகோபியாவின் விதி. நல்ல விதையில் 3% வரை இருக்கும். 2% என்று வைத்துக்கொண்டால், வழக்கமாகத் தரப்படும் 420 மி.கி. அன்றாட அளவுக்கு 21 கிராம் விதை வேண்டும், அதுவும் அதிலுள்ள சிலிமரின் முழுவதும் வெளியே வந்தால். வெந்நீரில் வருவது அதில் ஒரு சிறு பங்கு. அப்படி வந்ததிலும் குடல் உறிஞ்சுவது பாதிக்கும் குறைவு. உறிஞ்சியதிலும் பெரும்பகுதி பித்தத்தோடு வெளியேறிவிடும். சிலிபினை லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளோடு பிணைத்த தயாரிப்புகள் சந்தைக்கு வந்ததே இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

வளர்ப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். செடி அழகானது, வளர்ப்பதும் கடினமன்று. நீர் தேங்காத எந்த மண்ணிலும் வரும். குளிர்ந்த பருவத்தில் விதையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், முதலில் தரையோடு இலைவட்டமாகப் படர்ந்து, வெயில் ஏறும்போது தண்டு விட்டு ஆளுயரத்துக்கும் எழும். ஆனால் இலை செழிக்க வேண்டும் என்று தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை வாரிக் கொட்டுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: இந்தச் செடி இலையில் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கும் இயல்புடையது, இதை மேய்ந்த மாடுகளும் ஆடுகளும் நைட்ரேட் நச்சால் இறந்திருக்கின்றன. செழித்த பச்சை இலை மருந்து மிகுதியின் அறிகுறியே அன்று.

கனிக்காகவே வளர்ப்பவருக்கு அறுவடைதான் சோதனை. ஒரே செடியில் பூந்தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முதிர்வதால், முதல் தலை வெண்குஞ்சம் விரித்துக் கனிகளை உதிர்க்கத் தொடங்கும்போது கடைசித் தலை இன்னும் மொட்டாக இருக்கும். முன்கூட்டி அறுத்தால் உறை முதிராது, சிலிமரினும் சேர்ந்திராது. தாமதித்தால் காற்றும் பறவையும் பங்கு கேட்கும். பறித்ததை உடனே நன்கு உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சுகள் இந்த விதையைப் பிடித்தாட்டும் தொல்லை. கடையில் விற்கும் தயாரிப்புகளிலேயே அவை அதிக அளவில் கண்டறியப்பட்டுள்ளன. கல்லீரலைக் காப்பாற்ற என்று உட்கொள்ளும் பொருளில் கல்லீரலையே தாக்கும் நச்சு இருப்பதைவிடக் கேலிக்கூத்து உண்டா? உதிர்ந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் இது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய களை.

சிலிமரினே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அமானிட்டா ஃபல்லாய்டஸ் என்னும் கொடிய நச்சுக் காளானை உண்டவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிலிபினின் ஊசி வடிவத்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்துகிறார்கள். அது மருத்துவமனை மருந்து, தேநீர் அன்று. மறுபுறம், இன்டர்ஃபெரான் சிகிச்சை பலிக்காத ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் 24 வாரங்கள் நடந்து 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை 420 அல்லது 700 மி.கி. கொடுத்தும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியான ஏ.எல்.டி. போலி மாத்திரை உண்டவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் கொடுத்தே இதுதான் முடிவு.

கேப்சூல் வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். '175 மி.கி. சாரம், 80% சிலிமரின்' என்றால் உள்ளே 140 மி.கி. சிலிமரின் இருக்கிறது என்று பொருள், '500 மி.கி. விதைத்தூள்' என்றால் பத்து மி.கி. இருந்தாலே பெரிது. சாமந்தி, ராக்வீட் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம், அவையும் இதே குடும்பம். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் சிரோலிமஸ் மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்சூல்கூட எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்த்துவிடுங்கள். எதைக் குடித்தாலும் சரி, எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்று நினைத்தால், கோபித்துக்கொள்ளத்தான் செய்வோம், இருந்தாலும் வந்து சொல்லுங்கள்.

அந்த மனிதர் மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டார். இரத்தப் பரிசோதனைக்கும் நாள் குறித்தாயிற்று. நேற்று வந்தபோது, இத்தனை மாதம் நீர் விட்டு வளர்த்த செடிகளை என்ன செய்வது என்று தயக்கத்தோடு கேட்டார். பூக்கட்டும், பார்த்து மகிழுங்கள், குஞ்சம் விரிவதற்குள் தலைகளை வெட்டிவிடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்றேன்.