எஞ்சின் கழற்றிய வைரஸ்

சென்ற மாதம் மூதூரிலிருந்து ஒரு மீனவர் வந்தார். தூண்டில் முள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. காயத்துக்குள் மணலும் மீன்செதிலும். ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி போடவேண்டும் என்றதும் கையை இழுத்துக்கொண்டார்.

"2021இல் போட்ட கொவிட் ஊசி வைரஸ் இன்னும் உடம்புக்குள் பெருகுகிறதாம் டொக்டர். இனி எந்த ஊசியும் வேண்டாம்."

ஏற்புவலி ஊசியில் வைரஸே கிடையாது. ஆனாலும் நான்கு வருடத்துக்கும் மேலாக ஒருவர் மனதில் சுமக்கும் பயத்தை அந்த ஒரு வரியால் இறக்கிவைக்க முடியாது. உட்காரச் சொன்னேன்.

அவருக்குப் போட்டது கொவிஷீல்ட். சிம்பன்சிகளைத் தொற்றும் அடினோ வைரஸ் ஒன்றை, கொரோனாவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்தின் மரபணுவை ஏற்றிச்செல்லும் வாகனமாக மாற்றியிருக்கிறார்கள். அடினோ வைரஸ் பெருகுவதற்கு இ1 என்ற பகுதி முதலில் இயங்கவேண்டும். மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புவது அதுதான். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு ஊசிக்கு 5,000 கோடி வைரஸ் துகள்கள் எங்கிருந்து வந்தன? இதைத்தான் யாரும் மக்களுக்குச் சொல்வதில்லை. 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், மனிதக் கருவின் சிறுநீரக உயிரணுக்களுக்குள் அடினோ வைரஸின் துண்டொன்றைப் புகுத்தினார்கள். அப்படி உருவான எச்.ஈ.கே. 293 என்ற, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணு வரிசையின் மரபணுத் தொகுதியிலேயே இ1 நிலையாகப் பதிந்திருக்கிறது. வைரஸிடம் இல்லாததை அந்த உயிரணு கொடுக்கிறது. தொழிற்சாலையில் வைரஸ் பெருகுகிறது. பின்னர் வைரஸைப் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். நம் உடம்பின் உயிரணுக்களில் இ1 இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் தாமாகவே சொன்னார்: "எஞ்சின் கழற்றிய படகு. இன்னொரு படகு கட்டி இழுத்தால்தான் நகரும்."

நான் தேடிக்கொண்டிருந்த உவமை அதுதான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அரிதாக, தொழிற்சாலை உயிரணுவில் உள்ள இ1 வைரஸுக்குள் திரும்ப ஒட்டிக்கொண்டு பெருகும் வைரஸ் உருவாகலாம். மனிதரைத் தொற்றும் அடினோ வைரஸ் 5 என்ற வகையை வாகனமாக்கும்போது, அதன் மரபணு எழுத்துவரிசையும் உயிரணுவில் பதிந்த துண்டின் எழுத்துவரிசையும் ஒத்திருப்பதால் அந்த வாய்ப்பு கூடுதல். சிம்பன்சி வைரஸில் மிகக் குறைவு. அதைச் சோதித்துப் பார்ப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதி. கொவிஷீல்ட் வகை ஊசியால் மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்ததும் உண்மை. அது வைரஸ் பெருகியதால் வந்ததல்ல, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வெளிப்பட்டது.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அடுத்த ஊசிக்கு நான்கு வாரம் கழித்து வரவேண்டிய திகதியை அட்டையில் எழுதிக்கொடுத்தேன்.